நாள் தள்ளிப் போவதற்கு முன்

எனக்கு 16 வயதில் வலிப்பு தொடங்கியது. அன்றுமுதல் பத்து ஆண்டுகள் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையைக் காலையும் இரவும் விழுங்கி வந்தேன். வலிப்பும் கட்டுக்குள் இருந்தது. அத்தை மகனுக்கு என்னை நிச்சயித்தபோது ஜாதகம் பார்த்தவர்கள், இரு வீட்டாரும் அறிந்திருந்த அந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பேசியவர் நரம்பியல் மருத்துவர்தான். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு இருக்கும் என்றும், 30 முதல் 40 பேர் வரை பேச்சிலும் கற்றலிலும் பின்தங்கக்கூடும் என்றும் அவர் விளக்கினார். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு போன்ற குறைகள் ஏற்படும். நாள் தள்ளிப் போனதை ஒரு பெண் உணரும்போதே அந்த 28 நாட்களில் பாதி கழிந்திருக்கும். பப்பாளிக்கும் கிரகணத்துக்கும் அஞ்சும் என் சுற்றத்தார் எச்சரிக்கத் தொடங்குவதோ அதற்கும் பிறகுதான்.

அஞ்சி நானாக மாத்திரையை நிறுத்தியிருந்தால், கட்டுக்கடங்காத வலிப்பு என் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். எனவே கருத்தரிக்கும் முன்பே, பல மாதங்களில் சிறிது சிறிதாக, லெவெடிராசிட்டம் என்ற வேறொரு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார்கள். நரம்புக் குழாய்க் குறைகளைத் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின், கருத்தரிக்க நினைக்கும் பெரும்பாலான பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். எனக்கு 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள்.

அதன்பின் மரபியல் ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். முன்னோரும் உறவில் மணந்திருந்தால் அது இன்னும் கூடும். வெளியே தெரியாத ஒரே மரபணுக் குறையை இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு அந்நோய் வருவதற்கு உண்டு. உறவுத் திருமணத்தை வம்சப் படத்தில் இரட்டைக் கோடாக வரைவார்களாம். எங்கள் படத்தில் மூன்று தலைமுறைக்குள் நான்கு இரட்டைக் கோடுகள் விழுந்தன.

“சிறு வயதில் இறந்த குழந்தை எதுவும் உண்டா?” என்று ஆலோசகர் கேட்டார். நான் இல்லை என்றேன். உடன் வந்திருந்த அத்தை சிறிது நேரம் பேசாதிருந்து, “இவனுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், ஏழு மாதத்தில் போய்விட்டான்” என்றார். என் கணவரும் அதை அன்றுதான் கேள்விப்பட்டார். ஆலோசகர் ஒரு சிறு சதுரம் வரைந்து, அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.