தகர முறமும் கரி மண்ணும்

கோவையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். முதல் மாதம் முழுக்க ரோடு கூட்டினேன்.

சாலைத் தூசியில் இருக்கும் கன உலோகங்களை அளக்கும் வேலை. அவிநாசி ரோடு, காந்திபுரம், உக்கடம் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் போய் ஒரு சதுர மீட்டர் அளந்து கூட்டி அள்ள வேண்டும். அதற்கு முன் ஒரு வாரமாவது மழை பெய்திருக்கக் கூடாது. பெய்தால் தூசியெல்லாம் சாக்கடை வழியே குளத்துக்கும் நொய்யல் ஆற்றுக்கும் போய்விடும். தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி எட்டிப் பார்க்கிற ஊரில் அந்த ஒரு வாரத்துக்குக் காத்துக் கிடந்ததே பாதி வேலை.

முதல் தடவை அள்ளியதில் துத்தநாகம் எகிறி நின்றது. டயர் ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்ஸைடு சேர்ப்பார்கள், டயர் தேயத் தேய அது உதிரும், அதனால்தான் இது என்று விளக்கமும் எழுதி வைத்துவிட்டேன். ஒப்பீட்டுக்காகத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் எடுத்த மண்ணிலும் அதே துத்தநாகம் வந்தபோதுதான் உறைத்தது. நான் அள்ளியது துத்தநாகப் பூச்சுப் பூசிய தகர முறத்தில். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் முறமும் நைலான் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு மறுபடியும் ரோட்டுக்கு.

இந்தத் தடவை லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏனம்மிணி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தியா?"

"இல்லீங்க்கா, மண்ணள்ளிட்டுப் போகத்தான் வந்தேன்."

சிரித்துவிட்டு நான் கூட்டிய இடத்தைப் பார்த்தார். "இங்க கூட்டுனா என்ன கெடைக்கும்? வண்டியெல்லாம் பிரேக் அடிக்கற எடத்துக்கு வா. கரி மண்ணு அங்கதான் கெடக்கும்."

கோட்டுக்குச் சற்று முன்னால், மீடியனை ஒட்டி ஒரு பட்டை. தொட்டால் மை மாதிரி ஒட்டியது. பிரேக் லைனிங்கில் செம்பும் ஆன்டிமனியும் இருக்கும், மிதிக்க மிதிக்கப் பொடியாகும் என்று படித்திருந்தேன். படித்ததை வைத்து இடம் தேர்ந்தெடுக்கத் தோன்றவில்லை. நான் வைத்த புள்ளிகள் எதிலும் வராத அளவு செம்பு அவர் காட்டிய இடத்தில்தான் வந்தது.

அதை வண்டிகளின் தலையில் மொத்தமாகக் கட்டிவிடவும் முடியாது. இது ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் நிறைந்த ஊர். செம்போடு ஆன்டிமனியும் ஜோடியாக வந்தால் பிரேக்கை நோக்கித் துணிந்து கை நீட்டலாம். எங்கள் கருவி உலோகத்தை ஒளியை வைத்து அளப்பது; ஒவ்வோர் உலோகத்துக்கும் அதற்கென்று தனி விளக்கு வேண்டும். ஆன்டிமனி விளக்கு எங்களிடம் இல்லை. 'போக்குவரத்து காரணமாக இருக்கலாம்' என்று அறிக்கையில் எழுதி நிறுத்திக்கொண்டோம்.

ஈயம் வேறு கதை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலை 2000-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் மண்ணில் விழுந்த ஈயம் மட்காது. அப்பா ஓட்டிய பழைய ஸ்கூட்டர் விட்ட புகையில் இருந்த ஈயமும் கொஞ்சம் ஓர மண்ணில் இன்னும் கிடக்கும். புதுசும் சேர்கிறது. ஒருநாள் மீடியன் ஓரம் விரல் நீளத்தில் நசுங்கிய கட்டி ஒன்று கிடைத்தது. வீல் பேலன்ஸுக்காக ரிம்மில் மாட்டுகிற ஈயம்.

என்னை உறுத்தியது சல்லடைதான். 63 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியை மட்டும் அமிலத்தில் கரைப்போம். பொடி நுண்மையாக ஆக ஆக உலோகம் கூடும். மேலே தங்கும் மணலைக் கொட்டிவிடுவோம். அக்காவின் சீமாறு அள்ளுவது நான் கொட்டிவிடும் அந்த மணலைத்தான். நான் டப்பாவில் எண் போட்டுப் பத்திரப்படுத்தும் பொடி, அவர் கூட்டும்போது மூக்கு உயரத்துக்கு எழும்புகிறது.

வேலை முடிந்த பிறகு ஒருநாள் கேட்டார்: "எங்க மண்ணுல என்னதான் இருந்துச்சு?"

"செம்பு, ஈயம், துத்தநாகம்க்கா."

"செம்பா? கிலோ என்ன வெல விக்குது! இத்தன நாளா அதையா லாரில ஏத்திவுட்டோம்?"

அடுத்த வாரம் ஒரு பெட்டி முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபடி பார்த்தபோது அது தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"மூச்சு முட்டுது அம்மிணி. இத மாட்டிட்டு மெதுவாக் கூட்டுனா, மேஸ்திரிக்கு ஆரு பதில் சொல்றது?"