ஆள் வருது

கப்பலூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே, அங்கே தமக்குள் மட்டும் ஒட்டிப் பழகும் இரண்டு செட்டுகள் இருப்பதைக் கம்பெனி வேன் எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி, காலியாக இருந்த ஜன்னலோர இருக்கையில் உட்காரப் போன என்னிடம் "ஆள் வருது" என்று சொல்லி, ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவர் தம் சாப்பாட்டுப் பையை அதன் மேல் வைத்தார். பழங்காநத்தம், திருப்பரங்குன்றம், திருநகர் என ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்துக்கொண்டே வந்தேன். கப்பலூர் வரை அந்த இருக்கையில் பயணம் செய்தது அந்தப் பைதான்.

அது வெறும் அவமானமாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். ஆனால், செட்டுக்குள் ஊர்வம்போடு வேலைக்கு வேண்டிய செய்தியும் சேர்ந்தே கைமாறுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. சப்ளையர் ஒருவருக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பிய விஷயத்தை அந்த ஸ்டோர்ஸ்காரர் தம் ஆட்களிடம் பதினொரு மணி டீயின்போதே சொல்லிவிட்டிருந்தார். முழு பில்லுக்கும் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்துக் கணக்கை முடித்து வைத்திருந்த எனக்கு அது தெரியவந்தது 19ஆம் தேதி மாலையில். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய 20ஆம் தேதி கடைசி நாள். மேலாளரிடம் பேச்சு வாங்கியது நான் மட்டுந்தான்.

ஒட்டிக்கொள்ளவும் முயன்றேன். அந்தச் செட்டில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றம் போய் 500 ரூபாய் மொய் எழுதினேன். பந்தியில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த இலைகளுக்கு நடுவே எனக்கு இலை விழவில்லை.

சிகாகோவுக்கு அருகிலிருந்த ஹாதார்ன் ஆலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பிரிவைச் சேர்ந்த 14 தொழிலாளர்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்ததைப் பற்றிப் பின்னர் படித்தேன். அந்தச் சிறிய அறைக்குள்ளேயே இரண்டு கோஷ்டிகள் உருவாகிவிட்டன. அதிகமாக வேலை செய்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தமக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு, அதை மீறியவரின் மேற்கையில் ஒரு குத்து விட்டிருக்கிறார்கள். போட்டுக் கொடுப்பவரையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. எங்கள் நிறுவனத்திலும் அச்சந்தான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு மேற்பார்வையாளரின் வாய்வார்த்தையில் சம்பள உயர்வு தீர்மானமாகும் இடத்தில், நான்கு பேர் சேர்ந்து நிற்பது அவர்களுக்கு ஒரு காப்பீடு. (அதற்காக என் மேல் விழுந்த பேச்சு நியாயமாகிவிடாது.)

அதன்பின் செட்டோடு பேசுவதை விட்டுவிட்டு, ஆளோடு பேசத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் நாலரை மணிக்கு, அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரு நீள நோட்டுடன் ஸ்டோர்ஸ் கவுண்டருக்குப் போய், "அண்ணே, இந்த வாரம் திரும்பிப் போன சரக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்பேன், அவர் சொன்னதை அவர் கண்முன்னே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வேன். முதல் இரண்டு வாரம் "ஒண்ணும் இல்லம்மா" என்றவர், மூன்றாவது வாரம் தாமே ரிட்டர்ன் சலானை எடுத்து நீட்டினார்.

இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேனில் அவர் இன்னமும் என்னைப் பார்த்துத் தலையசைப்பதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மட்டும் கவுண்டருக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறது.