வராதவர்களின் கணக்கு

சமூகவியல் படித்தவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படித்தான் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் வந்து சேர்ந்தேன். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளின் ஒழுகும் கூரை, பிள்ளைக் காப்பகத்துப் பால், பி.எஃப். பணம், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் என்று எல்லாமே என் மேஜைக்கு வரும். இந்த வேலையில் சட்டப் புத்தகத்தைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தவை கல்லூரியில் படித்த சமூகக் கோட்பாடுகள்தான். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

மாதா மாதம் ஆப்சென்ட் அறிக்கை கொடுக்க வேண்டும். காலையில் மஸ்டரில் பெயர் கூப்பிடும்போது இல்லாதவர்களின் பட்டியல் அது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். கணக்கெழுதும் ரைட்டர் எழுதித் தருவது பெரும்பாலும் ‘சொந்த வேலை’ என்றிருக்கும். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “சோம்பல், வேறென்ன” என்பார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதிய நூலில் ஓர் உதாரணம் உண்டு. ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவனுடைய சொந்தத் தொல்லை. அவனுடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் அதற்கான விடை எந்தத் தனிமனிதனின் குணத்திலும் கிடைக்காது. வாய்ப்புகளை உண்டாக்கும் அமைப்பே குலைந்திருக்கிறது என்று பொருள். ‘சொந்த வேலை’ என்ற இரண்டு சொற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மில்ஸ் நினைவுக்கு வருவார்.

அதனால் பட்டியலை ஆள்வாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாள்வாரியாகவும் லயம்வாரியாகவும் மாற்றி எழுதிப் பார்த்தேன். எழுதியதும் விஷயம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. பகுதிநேர ரேஷன் கடை திறக்கும் நாளில் பெண்கள் கொத்தாக வரவில்லை. குழுக் கடன் வசூலுக்கு ஆள் வரும் காலையிலும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் அம்மாக்கள் இல்லை, அப்பாக்கள் மஸ்டரில் இருக்கிறார்கள். ஆண்கள் வராத நாட்களுக்கு வேறு வரிசை: டவுனில் பெயின்ட் வேலை, டிரைவர் வேலை கிடைக்கும் நாட்கள். ஒரே பட்டியலுக்குள் இரண்டு தனித்தனிக் கதைகள்.

அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பேசினேன். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருக்கும் ஓர் அம்மா, கொழுந்துக் கறை ஏறிய விரலால் அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: “வராத நாளுக்குக் காரணம் கேக்குறீங்கம்மா. வந்த நாளெல்லாம் எப்படி வந்தோம்னு ஒருத்தரும் கேட்டதில்லையே.” விடியும் முன்னே தண்ணீர் பிடித்து, சோறாக்கி, படுத்திருக்கும் மாமியாருக்குக் கஞ்சி வைத்து, பேத்திக்குத் தலை சீவி, மலையேறி மஸ்டருக்கு வந்து நிற்பதை அவர் விவரித்தார். நான் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன். ரேஷன் நாளில் ஒவ்வொரு லயத்துப் பெண்களும் முறை வைத்து முன்னதாகவே களத்திலிருந்து கிளம்பலாம் என்று மேனேஜர் ஒப்புக்கொள்ள வெகுநாள் பிடித்தது. ஒப்புக்கொண்டபின் அந்த நாளில் முழுநாள் ஆப்சென்ட் வெகுவாகக் குறைந்தது.

எடைக்களத்து விவகாரம் இன்னொன்று. மழைக்காலத்தில் ஈர இலைக்குத் தண்ணீர்க் கழிவு என்று எடையில் குறைப்பார்கள், சாக்குக்கும் கழிவு உண்டு. எவ்வளவு என்பது அன்றைய சூப்பர்வைசரின் கண்மதிப்பு. தராசு காட்டுவது ஒன்று, நோட்டில் ஏறுவது ஒன்று. யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஆனால் கழிவு கூடிய வாரங்களில் ஃபேக்டரிக்கு, தரத்தைக் கெடுக்கும் முத்தல் இலை அதிகம் வரும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட், வேலையை இழுத்தடிப்பது, தெரியாததுபோல் இருப்பது, முதுகுக்குப் பின்னால் பேசுவது ஆகியவற்றை எளியவர்களின் ஆயுதங்கள் என்று 1985-இல் எழுதினார். அதைப் படித்திருந்ததால்தான் கழிவு நோட்டையும் ஃபேக்டரி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. கழிவு எவ்வளவு என்று இப்போது போர்டில் எழுதிப் போடுகிறோம்.

முத்தல் இலை எல்லாமே எதிர்ப்பு என்றும் சொல்லிவிடக் கூடாது. கையால் கிள்ளாமல் கத்திரி வைத்து வெட்டினால் முத்தல் கலக்கத்தான் செய்யும். ஆள் குறைவு, இலை பறிக்கும் சுற்று தாமதம், இலை முற்றிவிடுகிறது. ஒரு கோட்பாட்டின் மேல் ஆசை வந்துவிட்டால் பார்க்கும் இடமெல்லாம் அதுவே தெரியும். அந்த இடத்தில் மேஸ்திரியிடம் கேட்பதுதான் சரி.

நீலகிரியைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை உண்டு. ஆங்கில மானிடவியலாளர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ் 1901–02-இல் இங்கே வந்து, குடும்ப வழிமரபுகளைக் கேட்டு எழுதும் முறையில் இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களை ஆராய்ந்தார். 1906-இல் வந்த அவருடைய நூல் மானிடவியலில் பெரிய நூல். பின்னால் வந்தவர்கள், கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் இசையும் கொடுக்க, படகர் தானியம் கொடுக்க, தோடர் நெய் கொடுக்க, குறும்பர் காட்டுப் பொருள் கொடுக்க நடந்த பரிமாற்றத்தை அழகாக விளக்கினார்கள். மலையைத் தன்னிறைவான ஒரு சிறு உலகமாகப் பார்த்த பார்வை அது. ரிவர்ஸ் வந்தபோதே மலையில் எஸ்டேட்டுகள் இருந்தன, கீழ்நாட்டிலிருந்து வந்த கூலிகளும் இருந்தார்கள். அந்தப் பார்வைக்குள் அவர்களுக்கு இடமில்லை. கேள்வி அவர்களை நோக்கி இல்லை, அவ்வளவுதான். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் லயங்களில் பாதிக்கு மேல். நூறாண்டுக்கும் மேலாக மலையைச் சுமப்பவர்கள் மலையின் சமூகவியலில் ஓரத்திலேயே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வர்க்கம் என்ற ஒரே சொல்லால் இவர்களை அடக்கவும் முடியாது. சம்பளச் சீட்டில் எல்லோரும் ஒன்றுதான். குழாயடியில் குடம் வைக்கும் வரிசையில் யார் குடம் யார் குடத்தைத் தொடக் கூடாது என்பது இன்னும் சிலருக்கு நினைவிருக்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் சொன்னதை அந்தக் குழாயடியில் நின்றால் விளங்கிக்கொள்ளலாம். யூனியன் கூட்டத்துக்கு ஏன் ஒரு லயம் வருகிறது, இன்னொன்று வரவில்லை என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எங்கள் மஸ்டரில் இல்லை, ஒப்பந்தக்காரரின் நோட்டில் இருக்கிறது. அதனால் அவர்கள் வராத நாளுக்கு யாரும் காரணம்கூட எழுதுவதில்லை. போன மாதம் முதல் அவர்களுக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். கொஞ்சம் இந்தி தெரிந்த காப்பகத்து ஆயா அக்கா துணைக்கு வருகிறார். முதல் வீட்டிலேயே, ஊர் ரேஷன் கார்டு இங்கே செல்லுமா என்று கேட்டார்கள். செல்லும் என்று சொல்லி, கடை திறக்கும் நாளையும் எழுதிக் கொடுத்தோம்.