பேக்கப் இருக்கிறது என்றார்கள்

எங்கள் அலுவலகத்தின் கிளவுட் கணக்கைப் பார்த்துக்கொண்ட முகவர் நிறுவனம் மாதந்தோறும் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். பச்சை நிறத்தில் ஒரு குறி, பக்கத்திலேயே பேக்கப், அதாவது தரவின் மறுநகல், நூறு விழுக்காடு வெற்றி என்ற வரி. அந்தப் பச்சையை நான் இனி நம்பப் போவதில்லை. காரணத்தைச் சொல்லவும், பிறகு நாங்களே பேக்கப் கொள்கை வகுத்தபோது எங்கெங்கே அடிபட்டோம் என்பதைச் சொல்லவும்தான் இதை எழுதுகிறேன். மைக்ரோசாப்ட் 365 என்ற இணைய அலுவலகச் சேவை, அதில் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் கோப்பு இடமான ஒன்டிரைவ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

எங்களுடையது மலேசியாவின் பட்டர்வொர்த்தில் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் சுங்க முகவர் அலுவலகம். இறக்குமதி அறிவிப்புக்கான கே1 படிவம், இன்வாய்ஸ், சரக்குப் பட்டியல் என்று நாள் முழுக்க ஸ்கேன் செய்துகொண்டே இருப்போம். என் வேலை நிர்வாகம். கணினிப் பொறுப்பும் தானாக என் தலையில் விழுந்தது. சிறிய அலுவலகங்களில் அப்படித்தான்.

பத்திரப் பிரிவில் இருந்த ஒரு பெண் வேலையை விட்டுப் போனார். உரிமக் கட்டணம் மிச்சமாகட்டுமே என்று ஆள்வளப் பிரிவு கிளவுட் முகவரிடம் சொல்லி அவர் கணக்கையே நீக்கிவிட்டது. இரண்டு மாதம் கடந்த பிறகு, அவர் கையாண்ட சரக்குகளின் ஆதாரங்களைக் கேட்டு சுங்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. தேடினால் எல்லாமே அவருடைய சொந்த ஒன்டிரைவில். முகவருக்குப் போன் செய்தேன். “பேக்கப் இருக்கிறது, எடுத்துத் தருகிறோம்” என்றார்கள். மறுநாள் வேறொருவர் அழைத்து, “அந்தப் பெயர் எங்கள் பட்டியலில் இல்லையே” என்றார்.

பட்டியல்! விஷயமே அதுதான். எங்களுக்கு முதன்முதலில் பேக்கப் அமைத்துக் கொடுத்த நாளில் யார் யார் வேலையில் இருந்தார்களோ, அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு சேர்ந்த ஒருவர்கூட அதில் இல்லை. பட்டியலில் இருப்பவர்களின் தரவு ஒழுங்காகப் பதிவானதால் அறிக்கை பச்சை. விடுபட்டவர்களைப் பற்றி அந்த அறிக்கை வாய் திறக்காது, ஏனென்றால் அவர்கள் இருப்பதே அதற்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்திலும் பேக்கப் இருக்கிறது என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யுங்கள்: சம்பளப் பட்டியலை எடுத்து, பேக்கப் பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகவரின் ஆள் “இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று கைவிரித்தார். அது உண்மையில்லை. கணக்கை நீக்கிய பிறகு இயல்பான அமைப்பில் ஒன்டிரைவ் 30 நாள் அப்படியே இருக்கும். அதற்குப் பிறகும் உடனே அழிந்துவிடாது. நிர்வாகிகள் மட்டும் எட்டக்கூடிய குப்பைத் தொட்டியில் இன்னும் 93 நாள் கிடக்கும். வழக்கமான திரையில் அது தெரியாது, பவர்ஷெல் என்ற கருவியில் கட்டளை தட்டித்தான் எடுக்க வேண்டும். அஞ்சல் பெட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அது 30 நாளோடு சரி. ஆக, அவருடைய அஞ்சல் போய்விட்டது, கோப்புகளுக்கு இன்னும் உயிர் இருந்தது. ஆனால் கட்டளையை இயக்கத் தலைமை நிர்வாகிக் கணக்கு வேண்டுமே. அது முகவர் கையில். அந்தக் கணக்கின் இரண்டடுக்குச் சரிபார்ப்போ, அவர்களிடமிருந்து எப்போதோ விலகிப்போன ஒரு பொறியாளரின் கைபேசியில்!

எங்கள் நிறுவனத்தின் சாவி எங்களிடமும் இல்லை, சாவி வைத்திருப்பதாகச் சொன்னவரிடமும் இல்லை. நாள்கள் மட்டும் குறைந்துகொண்டிருந்தன.

நிர்வாகி உரிமையை எங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி, நிறுவனத் தாளில் கடிதம் அடித்து, இயக்குநர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, நிறுவனப் பதிவு ஆணையத்தின் விவரப் பத்திரத்தையும் இணைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸில் இருக்கும் முகவர் நிறுவனத்துக்குப் போனேன். காலை நெரிசலில் பாலத்தைக் கடப்பது எப்படி என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, முதல் ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரே இதிலும் போட வேண்டும். சிஸ்டத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது” என்றார். அவர் எங்கள் பழைய முதலாளி. ஓய்வு பெற்று மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டவர். இன்றைய இயக்குநர் மகன்தான் என்று அரசாங்கப் பத்திரமே சொல்கிறதே என்று காட்டினேன். “அது சரிதான் அக்கா, ஆனால் சிஸ்டத்தில்…” என்று மறுபடியும் தொடங்கினார். இந்த நிபந்தனையை முதல் நாள் போனிலேயே சொல்லியிருக்கலாம். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.

வெறுங்கையோடு திரும்பி, நேராக புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் கையெழுத்தைப் போடுவதற்கு முன் கடிதத்தை மூக்குக் கண்ணாடி வழியாக இரண்டு முறை படித்தார். “நம்ம கோப்பை நாமே எடுக்கவா இவ்வளவு கும்பிடு?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. தேநீர் குடிக்காமல் அவர் என்னை விடவும் இல்லை.

கையெழுத்து கிடைத்தபின் உரிமை மாறியது. அதிலும் இழுத்தடித்தார்கள், அதை விடுங்கள். அன்று மாலையே பவர்ஷெல்லைத் திறந்து, நீக்கப்பட்ட ஒன்டிரைவ் தளங்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் வரிசையாக முகவரிகள் ஓடின. கீழிருந்து மூன்றாவது வரியில் அவர் பெயர். இன்னும் எத்தனை நாள் மீதம் என்ற எண்ணும் பக்கத்தில். மீட்டுக் கொடுக்கும் கட்டளையையும், என்னை அந்தத் தளத்தின் நிர்வாகியாக்கும் கட்டளையையும் கொடுத்தேன். அத்தனை ஸ்கேனும் வந்துவிட்டது. சுங்கத் துறைக்குக் கோப்பை ஒப்படைத்த அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகுதான் கொள்கை வேலை. மென்பொருளை நிறுவி இணைப்பது ஒரு பிற்பகலில் முடிந்தது. எதை, எவ்வளவு காலம், யார் பெயரில் வைப்பது என்பதில்தான் சண்டை.

இளைய முதலாளி, “எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்துவிடு” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. வேலைக்கு மனுப் போட்டு எடுக்கப்படாதவர்களின் அடையாள அட்டை நகல்கள் எங்களிடம் ஒரு குவியல் இருந்தன. அவற்றை எதற்காகக் காலமெல்லாம் காக்க வேண்டும்? சட்டத் திருத்தத்தின்படி 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு வரும்படி தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். வைத்திருப்பது எவ்வளவோ அவ்வளவு தலைவலி. இதைச் சொன்னதும் முதலாளி இறங்கி வந்தார்.

மறுபக்கம், வரிக் கணக்கு ஆவணங்களுக்கு ஏழு ஆண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: வருமான வரிச் சட்டத்தில் அந்த ஏழு, ஆண்டு முடிவிலிருந்து எண்ணப்படுகிறது, காகிதம் ஸ்கேன் ஆன நாளிலிருந்து அல்ல. மென்பொருள் கோப்பு உருவான நாளிலிருந்துதான் எண்ணும். ஜனவரியில் ஏற்றிய இன்வாய்ஸுக்கு ஏழு என்று போட்டால் கெடுவுக்கு முன்பே அழிந்துவிடும். எங்கள் கணக்காளரைக் கேட்டு ஒன்பது என்று வைத்தோம்.

மைக்ரோசாப்டே விற்கும் பேக்கப் சேவையையும் பார்த்தோம். 2024இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 அமெரிக்க சென்ட். மீட்பு வேகமாக நடக்கும், ஆனால் நாங்கள் பார்த்தபோது ஓராண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக முடியாது. ஏழாண்டுக் கதைக்கு அது உதவாது. ஆகவே வேறொரு மென்பொருளை எடுத்து, நகலை மைக்ரோசாப்டுக்கு வெளியே, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அமேசானின் மலேசியக் கிளவுட் மையத்தில் வைத்தோம். தரவு நாட்டுக்குள்ளேயே இருப்பது வாடிக்கையாளர்களுக்கு விளக்கமளிக்க வசதியாக இருக்கிறது.

அங்கே கோப்பை அழிக்க விடாத பூட்டு ஒன்று உண்டு. அதன் கடுமையான வகையைப் போட்டுவிட்டால், குறித்த காலம் முடியும்வரை கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் கோப்பை அழிக்க முடியாது. கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல் நிர்வாகிக் கடவுச்சொல்லையே திருடினாலும் நகல் தப்பும். ஆனால் போட்ட பூட்டின் காலத்தைப் பிறகு குறைக்கவும் முடியாது. தவறான கோப்புறையை ஒன்பது ஆண்டுக்குப் பூட்டினால் ஒன்பது ஆண்டும் வாடகை கட்ட வேண்டியதுதான். முதலில் ஒரு நாள் என்று வைத்துச் சோதித்துப் பாருங்கள். தனிநபர் தரவு இருக்கும் கோப்புறையை இந்தப் பூட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது.

புதிதாக விலைப்புள்ளி கொடுத்த ஒரு விற்பனையாளர், எல்லாவற்றையும் மிகக் குறைந்த வாடகையுள்ள, அரிதாக எடுக்கும் கோப்புகளுக்கான ஆழ்ந்த குளிர்நிலைச் சேமிப்பில் போடலாம் என்றார். விலையைப் பார்த்து முதலாளியின் கண்கள் விரிந்தன. அங்கிருந்து கோப்பை எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை, மலிவான முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் அத்தனை நாளுக்கும் கட்டணம் உண்டு. இதை அவராகச் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். கப்பல் காத்திருக்கும்போது 48 மணி நேரம் என்றால் நாங்கள் கடையைச் சாத்த வேண்டியதுதான். அண்மைய ஆண்டுகள் சாதாரணச் சேமிப்பில், பழையவை மட்டும் குளிரில் என்று பிரித்தோம்.

பெயர்ப் பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கொள்கை ஆளின் பெயரோடு ஒட்டியில்லை, ‘எல்லாப் பணியாளர்கள்’ என்ற குழுவோடு ஒட்டியிருக்கிறது. உரிமம் கொடுத்த பிறகு புதியவர் தானாகவே குழுவில் சேர்ந்துவிடுவார். பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது அஞ்சல் பெட்டிகளுக்கு உரிமம் இல்லாததால் அவை இந்தக் குழுவுக்குள் வரவில்லை. கணக்குப் பிரிவின் பொதுப் பெட்டி வெளியே நின்றதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம். அவற்றுக்குத் தனிக் கொள்கை போட்டேன். ஆள் வேலையை விடும்போது ஆள்வளப் படிவத்தில் என் கையெழுத்து இல்லாமல் கணக்கை நீக்கக் கூடாது என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டேன். விலகுபவரின் பெட்டியைப் பொதுப் பெட்டியாக மாற்றினால் 50 ஜிகாபைட் வரை உரிமம் இல்லாமலே வைத்திருக்கலாம். இந்த ஒன்று அப்போதே நடந்திருந்தால் அந்தப் பெண்ணின் அஞ்சல் தப்பியிருக்கும்.

தலைமை நிர்வாகிக் கணக்கு இரண்டு, இரண்டும் எங்கள் பெயரில். சரிபார்ப்புக்குக் கைபேசி கிடையாது, யுஎஸ்பி சாவிகள்தான். ஒன்று அலுவலகப் பெட்டகத்தில், மற்றொன்று பெரியவர் வீட்டில். “மறுபடியும் கையெழுத்துக்கு வர வேண்டாமே” என்று அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மீட்புச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை கணக்குப் பிரிவுக் கிராணி ஏதேனும் ஒரு பழைய கோப்பின் பெயரைச் சொல்வார், நான் எடுத்துக் காட்ட வேண்டும். கோப்பை நான் தேர்ந்தெடுத்தால் அது சோதனை ஆகாது. முதல் சோதனையில் கோப்புகள் வந்தன, பகிர்வு அனுமதிகள் வரவில்லை. என்னைத் தவிர யாராலும் திறக்க முடியவில்லை. அமைப்பில் ஒரு கட்டத்தைக் குறியிட்டால் சரியாகிவிடும் என்பதை மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவு பல மின்னஞ்சலுக்குப் பிறகு சொன்னது. இன்னொன்று: பெரிய கோப்புறையை மொத்தமாக மீட்கும்போது மைக்ரோசாப்ட் பக்கம் வேகத்தைக் கட்டுப்படுத்தும். உங்கள் இணைய வேகத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். அன்றைய வேலைக்குத் தேவையானதை முதலில் எடுங்கள்.

மிச்சமிருப்பது வாட்ஸ்அப். லோரி ஓட்டுநர்கள் அனுப்பும் படங்கள், வாடிக்கையாளர்கள் இரவில் அனுப்பும் இன்வாய்ஸ்கள் எல்லாம் பணியாளர்களின் சொந்தக் கைபேசிகளில் கிடக்கின்றன. எந்தக் கொள்கையும் அவற்றைத் தொடாது. மறுநாள் மதியத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன். பாதிப் பேர் ஏற்றுகிறார்கள். மீதிப் பேருக்கு என்ன வழி என்று அடுத்த வாரக் கூட்டத்தில் பேசப் போகிறோம். உங்கள் அலுவலகத்தில் இதற்கு ஏதேனும் ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள்.