வீட்டுப் பக்கத்திலேயே எழுத்து முகாம்: நூலகம், லாட்ஜ், காலி வீடு

ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ அறை எடுத்து எழுதுவதற்கு விடுப்பும் வேண்டும், பணமும் வேண்டும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். மூன்றும் ஒரே சமயத்தில் சேர்வது அபூர்வம். அரை மணி நேர பஸ் பயணத்துக்குள் இருக்கும் இடங்களில் செய்து பார்த்தால் ஒன்று சீக்கிரம் புரிந்துவிடும்: சத்தத்தை விட எழுத்தைக் கெடுப்பது கேள்விகள்தான். மாவு அரைக்கணுமா, கேஸ் புக் பண்ணியாச்சா, சாயங்காலம் யார் டியூஷனுக்குக் கூட்டிப்போவது. மலை மேல் போனால் எழுத வருவதற்குக் காரணம் குளிர் இல்லை, அங்கே இவற்றைக் கேட்க ஆள் இல்லாததுதான். அந்த ஒன்றை மட்டும் ஊருக்குள்ளேயே ஏற்பாடு செய்ய முடியுமா என்பதுதான் இந்த முயற்சி.

முதலில் வேலையைச் சுருக்க வேண்டும். ‘நாவலை முடிக்கப் போகிறேன்’ என்று கிளம்பினால் முதல் நாள் முழுக்க நாவலைப் பற்றிய குறிப்புகள்தான் தேறும். இரண்டு நாளுக்குச் சரியான அளவு ஒரு சிறுகதையின் முதல் பிரதி, அல்லது ஏற்கெனவே எழுதி வைத்த ஒன்றின் திருத்தம். கையால் புதிதாக எழுதினால் மணிக்கு 250 முதல் 350 சொல் வரும். நாளுக்கு நான்கு மணி நேரம்தான் உண்மையான எழுத்து. அதற்கு மேல் போட்ட திட்டங்கள் எல்லாம் இரண்டாம் நாள் மதியமே சரிந்துவிடும். சொல் கணக்கை விடப் பக்கக் கணக்கு நம்பகமானது. ‘வந்துகொண்டிருந்தபோது’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் மூன்று. கணினி காட்டும் எண் எழுதுபவரின் பழக்கத்தைப் பொறுத்து மாறும். லாங் சைஸ் நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் பக்கத்துக்கு 80 முதல் 100 சொல் பிடிக்கும். நாளுக்குப் பன்னிரண்டு பக்கம் என்றால் நல்ல நாள்.

செலவில்லாத இடம் நூலகம். சென்னையில் 1896இல் திறந்த கன்னிமாராவும் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நாள் முழுக்க உட்காரத் தோதானவை. சொந்த நோட்டு, புத்தகத்தோடு உட்கார அண்ணா நூலகத்தில் தனிப் பகுதியே உண்டு. அதில் இடம் பிடிப்பதுதான் பாடு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுவார்கள். குரூப் தேர்வு நெருங்கும் மாதங்களில் பத்து மணிக்குப் போனால் நாற்காலி இருக்காது. அவர்களுக்கு நடுவே உட்காருவதில் ஒரு லாபமும் இருக்கிறது: சுற்றி எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் இருக்கும்போது நாமும் எழுந்து போக வெட்கப்படுவோம். கிளை நூலகம் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பல இடங்களில் மதியம் பூட்டிவிடுவார்கள். ஆகவே அது அரைநாள் இடம். திருத்த வேலைக்குப் போதும், புதிதாக எழுதப் போதாது. வாய்விட்டுப் படித்துப் பார்த்து உரையாடல் எழுதுகிறவர்களுக்கு எந்த நூலகமும் உதவாது.

லாட்ஜுக்கு வருவோம். உள்ளூர்க்காரர் உள்ளூரில் அறை கேட்டால் வரவேற்பு மேஜையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆதாரில் அதே ஊர் முகவரி இருப்பதால் சில இடங்களில் தர மறுப்பதும் உண்டு. முந்தின நாளே நேரில் போய், ‘எழுத்து வேலை, ஒரு ஆள், இத்தனை மணிக்குக் காலி பண்ணுவேன்’ என்று சொல்லி வைப்பதுதான் வழி. அப்போதே அறையையும் பார்த்துவிடலாம். தெருப் பக்கம் வேண்டாம், லிஃப்ட் பக்கம் வேண்டாம், கீழே ஹோட்டல் இருந்தால் அதன் புகைபோக்கி ஏறும் சுவர்ப் பக்கம் நிச்சயம் வேண்டாம். மேல்மாடி அறை அமைதியாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் சித்திரை வெயிலில் பகலெல்லாம் சூடேறிய தளம் இரவு பத்து மணி வரை அனலை இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி இல்லாவிட்டால் மேல்மாடிக்கு ஒரு தளம் கீழே கேட்பது நல்லது.

செக்-அவுட் முறையைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மதியம் பன்னிரண்டு மணி செக்-அவுட் உள்ள இடத்தில் மாலை ஆறு மணிக்கு நுழைந்தால் ஒரு பகல் வாடகை வீண். நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் லாட்ஜுகள் நம் ஊர்களில் நிறைய. அங்கே மாலை ஆறு மணிக்கு நுழைவதுதான் சரியான ஆட்டம். அன்று இரவு பழைய பக்கங்களை வாசித்துவிட்டுத் தூங்கலாம். மறுநாள் விடிகாலையிலிருந்து மாலை வரை முழுப் பகலும் ஒரே நாள் வாடகையில் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் மேஜை. லாட்ஜ் அறையில் இருப்பது டீப்பாய். உயரம் 45 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். எழுத வேண்டிய உயரம் 75 சென்டிமீட்டர் அளவில். டீப்பாயில் குனிந்து எழுதினால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும், கட்டிலில் சாய்ந்து எழுதினால் தூக்கம் வரும். பரீட்சை அட்டையை மடியில் வைத்துச் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, காலைக் குப்புறக் கவிழ்த்த பக்கெட்டில் வைத்துக்கொண்டால் ஓரளவு சமாளிக்கலாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிந்தவர்களுக்கு டீப்பாயே போதும். பழைய கணக்குப்பிள்ளை மேஜை வீட்டுப் பரணில் கிடந்தால் கொண்டுபோகத் தயங்க வேண்டாம். சாய்ந்த பலகையில் கழுத்து வலிப்பதில்லை.

தேதி குறிக்க நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் இருக்கும் தெருவில் அறையும் கிடைக்காது, நாதஸ்வரத்துக்கும் பேண்டுக்கும் தப்பவும் முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லை, அறை சுலபம். ஆனால் கூழ் ஊற்றும் வாரங்களில் அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி நாள் முழுக்கப் பாடும். இருப்பதில் நல்ல மாதம் மார்கழி. முகூர்த்தம் கிடையாது, வெயில் கிடையாது. கோயில் பாட்டு விடிவதற்கு முன்பே ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் ஓய்ந்துவிடும், எழுப்பிவிட அலாரம்கூட வேண்டாம். ஐயப்ப பக்தர்கள் தங்கிப் போகும் ஊர்கள் மட்டும் விதிவிலக்கு.

இன்னொன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. சென்னையில் பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. மற்ற மாவட்டங்களில் மாலை வரைகூட நீளும். எந்தப் பகுதி என்பது முந்தின நாள் நாளிதழில் வந்துவிடும். லாட்ஜில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ‘இருக்கு சார்’ என்பார்கள்; ஏசியும் ஓடுமா, ஃபேன் மட்டுமா என்று கேட்க வேண்டும்.

காலி வீடு கிடைத்தால் வாடகை மிச்சம், ஆனால் அதற்கு முதல் நாளே ஒரு சுற்று போய்வர வேண்டும். தொட்டியில் தண்ணீர், மோட்டார் ஸ்விட்ச், கொசு வலை, ஃபேன் வேகம். ஃபேன் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும். எலக்ட்ரிஷியனுக்குப் பத்து நிமிட வேலை. எழுத வந்த நாளில் அவரைத் தேடினால் அரைநாள் போச்சு. இன்னொருவர் வீட்டில் அலமாரியைத் துடைக்கத் தோன்றும். தோன்றினால் எழுத்து எங்கோ முட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

வெளியே போகவே முடியாதவர்கள், முக்கியமாகப் பெண்கள், சொந்த வீட்டில் ஓர் அறையைச் சாத்திக்கொண்டு செய்வதுண்டு. நான்கு வகையிலும் இதுதான் அதிகம் தோற்கிறது. எழுதுகிறவர் ‘சும்மாதானே இருக்கா’ என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார். பால் பாக்கெட், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி, மதியச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினால் பாதிக் கேள்வி குறையும். நாள் முழுக்கக் கேட்பதை விடக் காலை 5 முதல் 9 வரை என்று கறாராகக் கேட்பது பலிக்கும்.

சாப்பாட்டில் தாராளம் காட்டினால் மதியம் போய்விடும். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்டிக்கொண்டு போனால் மூன்று மணி வரை தூக்கம்தான். தயிர் சாதம் பாதி வயிற்றுக்கு நல்லது. காலையில் பிசையும்போது பாலை நிறைய விட்டுத் தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால் மதியத்துக்குப் புளிக்காது. பால் சேர்த்த டீ ஃபிளாஸ்கில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாடை மாறும். கருப்பட்டி போட்ட சுக்குக் காபி மாலை வரை தாங்கும், கீழே இறங்கி டீக்கடைப் பேச்சில் மாட்டவும் வேண்டாம்.

எழுதுபொருளில் ஜெல் பேனா வேண்டாம். வியர்வைக் கையில் மை இழுத்துவிடும். பால் பாயிண்ட் இரண்டு, கை அடியில் வைக்க ஒரு கைக்குட்டை, ஃபேன் காற்றுக்குத் தாள் பறக்காமல் கிளிப் நான்கு. திருத்தத்துக்குப் போகிறவர்கள் பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து, வலப் பக்கம் ஐந்து சென்டிமீட்டர் இடம் விட வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகலாம் என்ற ஆசையை இந்த நாட்களில் கிளறாதீர்கள். விரல் தேடும் வேகத்தில் வாக்கியம் மறந்துபோகும். மொபைலை வீட்டில் வைத்துவிட்டு லாட்ஜ் வரவேற்பு எண்ணை வீட்டாரிடம் கொடுத்தால் நிஜமான அவசரத்துக்கு மட்டும் அழைப்பு வரும்.

இரண்டு பேர் சேர்ந்து அறை எடுத்தால் செலவு பாதி. மாலை ஐந்து வரை பேச்சில்லை என்ற ஒப்பந்தம் மதியச் சாப்பாட்டில்தான் உடையும், அதனால் தனித்தனியே சாப்பிடுவது மேல். எழுதிக்கொண்டிருக்கும் கதையை வாயால் சொல்லிவிட்டால் கை அதை மறுபடி எழுத மறுக்கும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் புதிதாக எழுத வேண்டாம். பக்கங்களுக்கு எண் போட்டு, அடுத்து வரவேண்டிய காட்சியை மூன்று வரியில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்துவிட்டு, அந்த வாரத்துக்குள் தட்டச்சு செய்துவிட வேண்டும். அவசரத்தில் சுருக்கி எழுதியவை, அம்புக்குறி போட்டு ஓரத்தில் செருகியவை எல்லாம் பத்து நாள் கழித்து எழுதியவருக்கே படிக்க வராது.