ஷட்டரைத் திறந்திருக்கணும்

கார்த்திகை மழை விட்ட மறுநாள். மன்னார்குடி பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் மனு தயாராகிறது. சம்பா பயிர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது. சேதம் பார்க்க மத்தியக் குழு வருகிறதாம், அதனால் மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் முடிவு. எழுதுவது காலேஜில் படிக்கும் தம்பி மகள்.

"அன்னிக்கு ராத்திரியே வடிகால் ஷட்டரைத் திறந்திருக்கணும்னு போடு பாப்பா."

அவள் போட்டாள்: "த ஷட்டர் மஸ்ட் ஹாவ் பீன் ஓப்பன்ட் தட் நைட்."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டையர்ட் வாத்தியார் எட்டிப் பார்த்தார். "இதைப் படிச்சா ஷட்டரைத் தொறந்து மூடுற லஸ்கர் ஒனக்கு மாலையே போடுவாரும்மா. 'ராத்திரி கண்டிப்பா தொறந்துதான் இருப்பாங்க'ன்னு எழுதியிருக்கே."

"புகார் குடுக்கப் போயி சாட்சி சொல்லிட்டு வரணுமா?" என்றார் பெரியப்பா.

பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நம்ம 'திறந்திருக்கணும்' இரட்டை வேஷம் போடும் சொல். செய்திருக்க வேண்டிய வேலை, செய்யவில்லை என்ற ஆதங்கமும் அதுதான். தண்ணீர் வடிந்திருக்கிறதே, அப்போ திறந்திருக்கணும் என்ற ஊகமும் அதுதான். எது என்பதைக் குரல் காட்டிக்கொடுக்கும். இங்கிலீஷில் இரண்டுக்கும் தனித்தனி ஆள். ஆதங்கத்துக்கு 'ஷுட்', ஊகத்துக்கு 'மஸ்ட்'. 2024-இல் மேட்டூர் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது; வழக்கமாகத் திறக்க வேண்டிய ஜூன் 12-ஐப் பற்றிப் புலம்ப 'ஷுட் ஹாவ் பீன் ஓப்பன்ட்' மட்டும்தான் சரி.

எதிர்மறையில் இன்னும் வம்பு. திறந்திருக்கவே முடியாது என்று ஊகித்தால் 'கான்ட் ஹாவ் பீன்'. திறந்தது தப்பு என்றால் 'ஷுடன்ட் ஹாவ் பீன்'. திறந்தார்கள், ஆனால் தேவையே இல்லை என்றால் 'நீடன்ட் ஹாவ் பீன்'. 'லாம்' விகுதிக்கும் இதே கதை: காப்பாற்றியிருக்கலாம், ஆனால் கோட்டை விட்டோம் என்றால் 'குட் ஹாவ் பீன் சேவ்ட்', என்ன ஆச்சோ தெரியவில்லை என்றால் 'மே ஹாவ் பீன் சேவ்ட்'.

வார்த்தை வரிசை பயமுறுத்தும். நம் சொல்லைப் பின்னாலிருந்து பிரித்தால் பயம் போய்விடும். திறக்க-ப்பட்டு-இருக்க-வேண்டும். கடைசிப் பெட்டி 'வேண்டும்' அங்கே 'ஷுட்' என்று எஞ்சினாகிவிடும். அடுத்து 'இருக்க', அது 'ஹாவ்'. 'பட்டு' என்பது 'பீன்'. கடைசியில் 'ஓப்பன்ட்'. அதே ரயில், ரிவர்ஸில் வருகிறது. இதில் 'பீன்' கழன்றால் 'ஷுட் ஹாவ் ஓப்பன்ட்', அதாவது ஷட்டர் தானாகவே திறந்துகொண்டிருக்க வேண்டும்! (நம் ஷட்டர்களின் துருவைப் பார்த்தவர் யாரும் அப்படி எதிர்பார்க்க மாட்டார்கள்.)

பாப்பா அடித்துவிட்டு 'ஷுட் ஹேஸ் பீன்' என்று எழுதினாள். ஷட்டர் ஒருமையாம். வாத்தியார் தலையில் கை வைத்தார். 'ஷுட்', 'மஸ்ட்', 'குட்' இவற்றுக்குப் பின்னால் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை, எப்போதும் 'ஹாவ்'தான். 'ஹாட்'டும் கூடாது. இங்கிலீஷ்காரர்களே 'ஷுடவ்' என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, எழுதும்போது 'ஷுட் ஆஃப்' என்று சறுக்குவது உண்டு. அதைப் பார்த்து நாம் சறுக்க வேண்டாம்.

"யார் தொறக்கலைன்னு போட வேணாமா?" என்றார் பெரியப்பா.

"வேணாம்ணே. செயப்பாட்டுவினையில ஆளைச் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். நாளைக்கும் அதே லஸ்கர்கிட்டதானே தண்ணிக்கு நிக்கணும்?" என்றார் வாத்தியார்.

மனு முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். கல்லாவிலிருந்து குரல் வந்தது: "அண்ணே, அஞ்சு டீ. காசு குடுத்திருக்கணும்."

"ஆமா, பாப்பா குடுத்திருக்கணும்" என்றபடி பெரியப்பா வண்டியைக் கிளப்பினார்.

வாத்தியார் பாப்பாவைப் பார்த்தார். "கடைக்காரர் சொன்னது ஷுட், ஒங்க பெரியப்பா சொன்னது மஸ்ட். இப்ப நீ பர்ஸை எடு."