ஜீப்பெல்லாம் ஏறிய பிறகு: போடி மெட்டிலிருந்து கம்பம் மெட்டு வரை சைக்கிளில்

நாளைக்குப் போடி மெட்டு ஏறப் போகிறேன் என்றதும் லாட்ஜில் சாவி கொடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு சார்?" சைக்கிளிலா என்றுகூடக் கேட்கவில்லை. அஞ்சரைக்கு என்றேன். "வேணாம், ஜீப்பெல்லாம் ஏறட்டும். எட்டு மணிக்கு மேல போங்க" என்றார். காலைக் குளிரில் ஏறினால் சுகம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போடி மெட்டு, கம்பம் மெட்டு என்று இந்தப் பக்கம் சொல்கிற மெட்டு, பாட்டு மெட்டு இல்லை. தேனி மாவட்டத்துக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலையை, அது இடுக்கிப் பக்கம் சாய்கிற இடத்தில் தாண்டுகிற கணவாய். ஒரு மெட்டில் ஏறி, மலைமேலேயே தெற்கே போய், இன்னொரு மெட்டில் இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மறுபடி போடிக்கே வந்துவிடலாம். நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோமீட்டர் வரும். திடமான ஆட்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பொங்கல் முடிந்து ஒரு வாரம். மதுரையிலிருந்து போடிக்கு ரயில், சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டு சீட்டுக்கு ஓரமாகச் சாய்த்து வைத்தாயிற்று. 2010 கடைசியில் நிறுத்திய ரயில், அகலப்பாதையாக மாறி 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது.

அஞ்சரை இருட்டில் முந்தல் செக்போஸ்டைத் தாண்டியதுமே லாட்ஜ்காரர் சொன்னது புரிந்துவிட்டது. ஜீப், அதன் பின்னால் ஜீப், அதன் பின்னால் இன்னொன்று. கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முடியாது, பின்னால் தொங்குகிற தூக்குவாளிகளைத்தான் எண்ணலாம். முதல் டிரிப் போட்டுவிட்டு அடுத்ததுக்கு வர வேண்டும் போல, டிரைவர்கள் வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்தியபடி பறக்கிறார்கள். மூன்றாவது முறை ஓரத்து மண்ணில் இறங்கி நின்றபோது ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது, உள்ளேயிருந்து ஒரு அக்கா, "தம்பி, சைக்கிள மேல தூக்கிப் போட்டுட்டு ஏறு, எதுக்கு இந்தப் பாடு படுறீக?" என்றார். இல்லக்கா, ஏறத்தான் வந்தேன் என்றேன். "அப்ப சாயங்காலம் எறங்கும்போது பாப்போம், பாதி தூரமாச்சும் வந்திருப்பீகளா?" ஜீப் முழுக்கச் சிரிப்பு, வளைவு திரும்பும்வரை கேட்டது.

அப்புறம் ஒரு கல்மேல் உட்கார்ந்து, கையிலிருந்த கடலைமிட்டாயைத் தின்றுகொண்டு, எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். ஏழே முக்கால் வாக்கில் ஒரு ஜீப் போனது, அதற்குப் பின் எதுவும் வரவில்லை. அந்த அமைதியை ரோடு சட்டென்று கொண்டுவந்து முன்னால் வைத்தது. தூரத்தில் புலியூத்துப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம், என்னுடைய செயின், அவ்வளவுதான்.

இந்த ரோடு கொச்சியிலிருந்து மூணாறு, போடி, மதுரை என்று போகிற தேசிய நெடுஞ்சாலை 85. நெடுஞ்சாலை என்றதும் பயந்துவிட வேண்டாம். இதற்கு ஒரு நேர அட்டவணை இருக்கிறது, அது ஏலக்காய் வேலையின் அட்டவணை. காலையில் ஆட்கள் ஏறி முடிக்கும்வரையும் சாயங்காலம் இறங்கும்போதும் ரோடு அவர்களுடையது, நடுவில் கிடைக்கிற ஏழெட்டு மணி நேரம் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை ஜீப் குறைவு என்று போனால் மூணாறு டூரிஸ்ட் கார்களிடம் மாட்டுவீர்கள், ஆகவே வேலை நாள்தான் சரி. அழகான ரோடு எது என்று எல்லோரும் கேட்கிறார்கள், அது எந்த நேரத்தில் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுவிட்டுப் போனால் பாதி அவஸ்தை மிச்சம்.

போடியிலிருந்து மெட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றம், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சரிவு எங்கேயும் கொடூரமாக இல்லை, ஆனால் விடவும் விடாது. பின்சக்கரத்துக் கேசட்டில், அதாவது பல்சக்கர அடுக்கில், ஏற்றத்துக்கென்று 32 பல் சக்கரம் போட்டிருந்தேன், பத்தாவது வளைவுக்கு மேல் அந்தக் கியரை விட்டு மாறவே இல்லை. வளைவின் உள்பக்கம் செங்குத்து என்பதால், எதிரே வண்டி இல்லாதபோது வெளிப்பக்கமாகப் போய் இரண்டு மிதி ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். மேலே போகப் போக போடி ஊரே ஒரு கைப்பிடி வெள்ளை அரிசியை இறைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

மெட்டில் டீ குடித்துவிட்டு எல்லை தாண்டினால் போர்டு மலையாளம், பேச்சு பாதிக்குப் பாதி தமிழ். 1956 மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டார்கள், டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஏன் கேட்டார்கள் என்று தெரியும்.

பூப்பாறையில்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு பக்கம் மூணாறு, எல்லாக் காரும் அங்கேதான் திரும்புகிறது. இன்னொரு பக்கம் சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று தெற்கே போகிற ரோடு. கண்ணை மூடிக்கொண்டு தெற்கே திரும்புங்கள். சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் 2022 அக்டோபரில் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் தாங்கவில்லை, இப்போது கேட்பாரில்லை. அதன் பிறகு நெடுந்தூரம் ஏலத் தோட்டங்களின் நிழலிலேயே போகலாம். ஏலத்துக்கு நேர் வெயில் ஆகாது, அதனால் பெரிய மரங்களை விட்டுவைத்திருக்கிறார்கள், அந்தப் புண்ணியத்தில் நண்பகலிலும் சட்டை காயாத குளிர்ச்சி. ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மெட்டு ஏறி முடித்தாயிற்று என்று மார்தட்டியவனுக்கு இந்தக் குட்டி ஏற்றங்கள்தான் தொடையை வாங்கின.

வாசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றெல்லாம் ஏலக்காய் மணக்கும் என்று நினைத்துப் போனேன். மணக்கத்தான் செய்கிறது, காய் உலர்த்துகிற இடங்களைத் தாண்டும்போது மட்டும். மற்ற நேரம் பல இடத்தில் மூக்கில் ஏறுவது மருந்து வாடை. ஒரு வளைவில் முதுகில் டேங்க் மாட்டிய ஒருவர் முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். அவர் நாள் முழுக்க அங்கேதான் இருப்பார்.

ராத்திரி நெடுங்கண்டத்தில் தங்கினேன். பரோட்டா, பீஃப், பத்து மணித் தூக்கம். ஊரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பம் மெட்டு. செக்போஸ்ட் தாண்டிய மறுநிமிஷம் காடு, வளைவுக்கு வளைவு குரங்குகள், கீழே வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும் நெல்லுமாகக் கம்பம் பள்ளத்தாக்கு. பெரியாறு அணைத் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்திராவிட்டால் இந்தப் பச்சை இல்லை, கம்பத்தில் சுவருக்குச் சுவர் அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்தநாள் போஸ்டர் இன்னும் கிழியாமல் இருந்ததும் அதனால்தான். ஆனால் இதையெல்லாம் ரசித்துக்கொண்டே இறங்கினேன் என்று சொன்னால் பொய். நாலைந்து வளைவு போனதும் பின்னாலிருந்து ரப்பர் தீய்கிற நாற்றம். நிறுத்திப் பார்த்தால், கிளம்புவதற்கு முன் ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்டபோது மாட்டிய புது பிரேக் ஷூ, ரிம்மில் பாதியும் டயரில் பாதியுமாக உட்கார்ந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு, அதன் அடியில் நூல் தெரிந்தது. ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது. கடைக்காரரைத் திட்டுவதா, வாங்கும்போது குனிந்து பார்க்காத என்னைத் திட்டுவதா? ஆலன் கீயால் ஷூவை இறக்கி வைத்து, நடுங்கி நடுங்கித்தான் கம்பம் போய்ச் சேர்ந்தேன். இறக்கத்துக்கு முன்னால் ஷூவைப் பாருங்கள், ஏற்றத்தில் இது காட்டிக்கொடுக்காது.

கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வரை பஸ்ஸும் லாரியும்தான். அங்கிருந்து கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகிற ரோட்டைப் பிடித்துவிட்டால் மறுபடி நிம்மதி. கோம்பை என்றதும் அந்த ஊர்ப் பேரிலேயே இருக்கிற நாய் இனம்தான் ஞாபகம் வந்தது, ஊருக்குள் நுழையும்போதே ஒரு கால் மிதியிலும் ஒரு கால் தரையிலுமாகத் தயாராகப் போனேன். துரத்தியது ஒரு வெள்ளாட்டுக்குட்டி. பண்ணைப்புரம் இளையராஜா ஊர், மெட்டு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அங்கே ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

தேவாரத்தில் டீக்கடையில் ஒரு பெரியவர், சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு எந்த வழியாக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். மேற்கே மலையைக் காட்டி, "இந்தா, இதுக்கு நேர் மேலதான் சாக்கலூத்து மெட்டு. ஒத்தையடிப் பாதைதான். ரோடு போடுங்க போடுங்கன்னு எங்க அய்யா காலத்திலேருந்து கேக்குறோம். எங்க சனம் இத்தனை சுத்திப் போயி வேலை பாத்துட்டு வருது" என்றார். நான் அந்த மலையைப் பார்த்தேன். ஜீப் சத்தம் இல்லாத மெட்டு அது என்று மனசுக்குள் ஓடியதை அவரிடம் சொல்ல நாக்கு வரவில்லை.

"ரோடு வந்தா நீங்களும் போடி வரைக்கும் போக வேணாம்ல, இங்கனயே ஏறிரலாம்" என்றார். ஆமாங்கய்யா என்று சொல்லி டீக்குக் காசு கொடுத்தேன். மணி மூன்றரை. ஜீப்பெல்லாம் இறங்குவதற்குள் போடி போய்விட வேண்டும்.